பொன்னாடை வேலி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிரேமலதாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அதை அவள் மறந்தாலும் ஊரார் மறக்கவிட மாட்டார்கள். ஓப்பநாயக்க டவுனில் ஆஸிக் முதலாளியின் ஹாட்வெயார் கடையில் போன் எடுப்பது அவள் வேலை. சீமெந்து, தகரம், ஆணி என்று யார் எது கேட்டாலும் தமிழிலோ சிங்களத்திலோ பேசி ஓடரை வாங்கிவிடுவாள். காலையில் பிரம்பைத் தட்டிக்கொண்டு குறுக்குப் பாதையால் பஸ்ஸுக்கு இறங்குகிறவளைக் கண்டால், வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகிற சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவள் முகத்தில் முழித்தால் அன்றைக்குக் கொழுந்து குறைந்துவிடுமாம்!

ஆனால் ஒக்டோபரில் ஒரு நாள் மட்டும் அதே ஆட்களுக்கு அவள் மகாலட்சுமி. அது கண் தெரியாதவர்களுக்கான வெள்ளைப் பிரம்பு நாள். எங்கள் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கங்கள். ஒரு சங்கம் அவளுக்குப் பிரம்பு கொடுத்துப் பொன்னாடை போர்த்தினால் மற்றதற்குத் தூக்கம் வராது. அதுவும் ஒரு பிரம்பு, ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ என்று வந்து நிற்கும். பொன்னாடையில் சங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு மனுசிக்கு எத்தனை கை என்று இந்தப் பெரிய மனிதர்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. வருடா வருடம் வாங்கிய பிரம்புகள் அவள் கட்டிலுக்கடியில் விறகு மாதிரிக் கிடந்தன, பொன்னாடைகள் மூட்டையாகக் கிடந்தன.

போன வருடம் அந்தக் குறுக்குப் பாதையின் திருப்பத்தில் ஒரு மாணிக்கக் குழி முளைத்தது. மாணிக்கக் கல் தேடிக் களவாக வெட்டியவன் ஒரு சங்கத்தின் தலைவர் கஜேந்திரனின் மச்சான். கல் கிடைக்கவில்லை என்றதும் குழியை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டான். மழைக்கு மழை ஓரம் இடிந்தது. ஒருநாள் காலை அவள் பிரம்பை ஊன்றிய இடத்தில் மண்ணே இல்லை. எப்படியோ பின்வாங்கி வந்தவள் பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

நேரே தலைவரிடம் போனோம்.

"தலைவரே, அந்தக் குழிய மூடித் தாங்க. இல்லாட்டி என் வேலையே போயிரும். பஸ்ஸுக்கு எறங்க வேற வழியில்லைங்க."

"பார்ப்போம்மா. கண்ணு தெரியாத புள்ள, ஒனக்கு எதுக்கு இந்த அலைச்சல்? வீட்டோட இரு. சங்கம் ஒன்னையக் கைவிட்டுருமா?"

"எனக்குக் கை குடுக்க வேணாங்க. காலு வைக்க எடம் இருந்தாப் போதும்."

மற்றச் சங்கத்தார் குழி வெட்டியது தங்கள் ஆள் இல்லை என்று கையை விரித்தார்கள். தோட்ட ஆபீஸோ, அனுமதி இல்லாமல் வெட்டியதால் அப்படி ஒரு குழியே இல்லை என்றது. அடேயப்பா, என்ன ஞானம்! நான் கூட்டிப்போக முடிந்த நாட்களில் மட்டும் அவள் வேலைக்குப் போனாள். "ஒக்டோபர் முடியிறதுக்குள்ள ஒழுங்கா வரணும் தங்கச்சி, இல்லாட்டி வேற ஆள் பார்க்கத்தான் வேணும்," என்று ஆஸிக் முதலாளி சொல்லிவிட்டார். அவள் அம்மா ஜெயம்மாவே, "விட்டுரு தாயி," என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

மறுபடி ஒக்டோபர் வந்தது. கஜேந்திரன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம கோயிலடியில விழா. பலாங்கொடையிலருந்து பெரியாளுங்க வர்றாங்க. நீ வந்துரணும்."

"சரிங்க தலைவரே," என்றாள்.

அவர் தலை மறைந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒனக்கு ரோசமே இல்லையாடி?" என்று கத்தினேன். அவள் சிரித்தாள்.

"கத்தாதீங்கக்கா. கட்டிலுக்கடியில இருக்கிறத எல்லாம் வெளிய எடுங்க."

விழா அன்று காலை இருவரும் இறங்கினோம். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் மண்ணைத் தட்டித் தட்டி, கெட்டியான இடமாகப் பார்த்துக் குழியைச் சுற்றிப் பிரம்புகளை நட்டாள். பிரம்புக்குப் பிரம்பு பொன்னாடைகளை இழுத்துக் கட்டினோம். சங்கங்களின் பெயர்கள் பாதையைப் பார்த்துப் பளபளத்தன.

விருந்தாளிகள் ரோட்டில் வேனை விட்டுவிட்டு அந்த வழியாகத்தானே ஏறி வரவேண்டும்? வந்தார்கள். நின்றார்கள். வந்தவர்களில் ஒருவர் சங்கத்தின் பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். அவர்களை அழைத்து வந்த கஜேந்திரனின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"என்னாம்மா இது? சங்கத்த அவமானப்படுத்துறியா?"

"நீங்க குடுத்ததுதாங்க. என் தோள்ல கெடந்து என்னாத்துக்கு ஆச்சு? இங்கன கெடந்தா பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைங்களாவது விழாம போகும்."

விழா அத்தோடு சரி. பிற்பகலுக்குள் இரண்டு சங்கத்து ஆட்களும் மண்வெட்டியோடு வந்து போட்டி போட்டு மூடினார்கள். மூடுமுன் செய்த முதல் வேலை, பொன்னாடைகளை அவிழ்த்துச் சேறு தட்டி மடித்து வைத்ததுதான். மனுசி விழுந்தால் பரவாயில்லை, பேர் விழக்கூடாது. தூ!

திங்கட்கிழமை அவள் தனியாகவே பஸ்ஸுக்கு இறங்கினாள். புது மண்ணை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

அந்த வாரமே கஜேந்திரன் போட்டோக்காரனோடு வந்தார். கையில் இன்னொரு புதுப் பிரம்பு.

"சங்கம் குழிய மூடிக் குடுத்துருக்கு. நீ நன்றி சொல்ற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம்மா."

பிரேமலதா பிரம்பை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இத ஒங்க மச்சானுக்குக் குடுங்க தலைவரே. அடுத்த குழி வெட்டுறதுக்கு முன்னாடி, அது மனுசங்க நடக்கிற வழியான்னு தட்டிப் பாத்துக்கிடட்டும்."