நைனா சாய்ந்துகொள்ளும் மேசை

என் நைனாவால் படுக்க முடியாது. படுத்த சில நிமிடங்களில் மூச்சு அடைக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் ஏதாவதொன்றின் மீது கைகளை மடித்து வைத்துத் தலையைச் சாய்த்தால் மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் தூங்குவார். இருபது வருடத்துக்கு மேல் நிலக்கரிக் கிடங்கில் வேலை பார்த்த நுரையீரல் அது.

முதலில், ஆஸ்பத்திரியில் இருப்பது போன்ற சக்கரம் வைத்த மேசை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அவர் சாய்ந்ததும் அது நகர்ந்துபோய், முகம் தரையில் பட விழுந்தார். அன்றைக்கே நோட்டில் எழுதினேன்: நான்கு கால், சக்கரம் கூடாது, நல்ல எடை, முன்பக்கம் முட்டி இடிக்காமல் திறப்பு.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இரும்பு வார்ப்புகளை அளந்து பார்க்கும் வேலை செய்கிறேன். மரவேலை தெரியாது. ஆனால் அளக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றி வந்த பைன் மரச் சட்டங்களைப் பழைய மரக்கடையில் பொறுக்கினேன். ஓரத்தில் குத்தியிருந்த முத்திரையை ஒவ்வொன்றாகப் படித்தேன். பூச்சிக்கு மருந்துப் புகை போட்டவற்றை ஒதுக்கிவிட்டு, சூடுகாட்டிப் பதப்படுத்தியவற்றை மட்டும் எடுத்தேன். வேலை முழுக்க மொட்டை மாடியில்தான். மெஷின் ரம்பம் மரத்தூளைப் பறக்கவிடும் என்பதால் கைரம்பம். உப்புத்தாள் போட்டால் நைசான தூள் வரும் என்பதால், உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டி மழமழப்பாக்கினேன். கண்ணாடியோ தூள் கிளப்பாது, சுருள் சுருளாகச் சீவும். வேலை முடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் நைனா பக்கத்தில் போவேன். அனல்மின் நிலையத்திலிருந்து வந்து மாடிச் சுவரில் படியும் சாம்பலுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தினமும் துடைத்தேன், தினமும் இருந்தது.

மேசை எழுபத்துநான்கு சென்டிமீட்டர் உயரம். மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது நான்கு மூலையும் நேர். நைனா கைகளை மேலே வைத்தார். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறின.

"சோக்கா கீதும்மா," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா போலீஸ்ல கைய தூக்கச் சொன்னா மாரி கீது."

தப்பு எங்கே என்று அரை நாள் நோட்டைப் புரட்டினேன். தப்பு டேப்பில் இல்லை. நான் டேப்பை நீட்டியதும் நைனா டெய்லர் முன்னால் நிற்பவர் போல நிமிர்ந்திருக்கிறார். மகள் அளக்கும்போது கூன் போட்டு உட்கார அவருக்கு மனசு வரவில்லை. வார்ப்புகள் அப்படிச் செய்வதில்லை. அடுத்த நாள் மத்தியானம், அவர் மடியில் அடுக்கிய தலையணை மேல் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது, சத்தமில்லாமல் அளந்தேன். ஐந்து சென்டிமீட்டர் அதிகம்.

நான்கு காலையும் தனித்தனியாக அளந்து அறுத்தால் மேசை ஆடும். ஆடாமலிருக்க, சமமான தளத்தில் மேசையை நிறுத்தி, ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையை நகர்த்தி நகர்த்தி நான்கு காலைச் சுற்றியும் கோடு இழுக்க வேண்டும். எங்கள் மாடியோ மழைத்தண்ணீர் வடியச் சரிவாகப் போட்டது, வீட்டுத் தரையும் மேடு பள்ளம். தெருவிலேயே மட்டமான பொருள் பக்கத்து வீட்டு அண்ணனின் கேரம் போர்டுதான். போய்க் கேட்டேன்.

"இன்னாம்மா, ஸ்ட்ரைக்கர் வேணும்னா குடுப்பேன். போர்டு மேல மேசைய ஏத்துவியா நீ?"

"பேப்பர் போட்டுத்தாண்ணே வைப்பேன்."

"கோடு ஒண்ணு வுழுந்திச்சி, எங்க கிளப்பு பசங்க அல்லாரும் உன் வூட்ல வந்து குந்திப்பானுங்க. சோறு நீதான் போடணும்."

சொல்லிக்கொண்டே போர்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். அறுத்த மேசை ஆடவில்லை. நைனா அன்று மூன்று மணி நேரம் தூங்கினார்.

இரண்டு மாதம் போனது. தோள்கள் மறுபடியும் ஏறத் தொடங்கின. மேசை வளரவில்லை, அவர்தான் இன்னும் கீழே மடங்கியிருந்தார். மூன்று சென்டிமீட்டர் அறுக்க வேண்டும். போர்டு கேட்கப் போனபோது அண்ணன், "மேசைல கரையான் கீதா? கொறஞ்சிகினே வருதே," என்றார். மழை முடிந்து மூன்றாவது தடவை போனேன். அவரே போர்டைத் துடைத்து, பேப்பர் விரித்துத் தந்துவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் நின்றார்.

அந்தத் தடவையோடு மேசை அறுபத்துமூன்றுக்கு வந்தது. முதல் நாளே நோட்டில் அந்த எண்ணைக் கட்டம் கட்டி எழுதியிருந்தேன். நாற்காலியின் உயரம், தொடையின் கனம், பலகையின் கனம், ஒரு விரற்கடை இடைவெளி, எல்லாம் கூட்டினால் அந்த எண். அதற்குக் கீழே போனால் பலகை தொடையில் இடிக்கும். நாற்காலியை உயர்த்தினால் தொடையும் கூடவே உயரும். அந்தக் கணக்கை நான் நைனாவிடம் சொல்லவில்லை.

போன வாரம் அவரே கேட்டார். தோள் மறுபடியும் ஏறியிருந்தது. இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

"இன்னும் எத்தினி வாட்டி அறுக்கலாம்?"

"பாக்கறேன் நைனா."

"பாக்கறதுக்கு இன்னா கீது? நோட்டுல எய்தி வெச்சிருப்பியே."

டேப்பை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவர் நிமிரவில்லை. மடங்கியபடியே அளக்க விட்டார். தொடைக்கும் பலகைக்கும் நடுவில் டேப்பை நுழைத்தேன். ஒரு விரற்கடை இடைவெளி என்று விட்ட இடத்தில் மூன்று விரல் நுழைந்தது. மறுபடி அளந்தேன். பதினைந்து என்று எழுதியிருந்த தொடையின் கனம் இப்போது பன்னிரண்டு. லுங்கிக்குள் கால் இருந்த இடம் தளர்ந்து கிடந்தது.

"எடம் கீதா?" என்றார்.

"கீது நைனா. மூணு சென்டிமீட்டர் கீது."

"அப்ப அறு," என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

கட்டம் கட்டிய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் அறுபது என்று எழுதினேன். போர்டு கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.