ஒன்பது நிமிடம் முந்திய கடிகாரம்

மருத்துவமனையில் அவளுக்கு 'சர்வரம்மா' என்று பெயர். புதிதாக வேலைக்கு வந்த யாரோ, கேன்டீனில் பரிமாறுகிறவள் என்று நினைத்து அவளிடம் டீ கேட்டதும் நடந்திருக்கிறது. உண்மையில் அவள் பார்த்துக்கொண்டது நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் சர்வர் கணினிகளை. அந்த வேலையை வாங்கித் தந்தவள் அவளுடைய நாத்தனார். இருபத்திரண்டு வருடமாக அங்கே நர்ஸ், கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தவள்.

சாலைக்கு அந்தப் பக்கம் புதுக்கட்டடம் எழும்பியதும் நிர்வாகி சர்வரம்மாவைக் கூப்பிட்டார். பழைய கட்டடத்தில் ஒரு சர்வர், புதியதில் ஒன்று. இங்கே எழுதியது அங்கேயும் அங்கே எழுதியது இங்கேயும் உடனுக்குடன் தெரிய வேண்டும். இடையில் கேபிள் அறுந்தாலும் இரண்டு பக்கமும் வேலை நிற்கக் கூடாது.

"ரெண்டு பக்கமும் ஒரே நோயாளியோட பதிவை மாத்திட்டா எதை வச்சுக்கிறதுன்னு ஒரு விதி வேணும் சார். கடைசியா எழுதினது எதுவோ அது நிக்கும்னு வைக்கலாம். ஆனா புது சர்வரோட கடிகாரம் ஒன்பது நிமிஷம் முந்தி ஓடுது. நிறுத்திச் சரி பண்ணி, ரெண்டு வாரம் சோதிச்சுப் பார்க்கணும்."

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. ஒன்பது நிமிஷத்துல உலகம் முழுகிடுமா?" என்றார் அவர். சுற்றி நின்ற டாக்டர்கள் சிரித்தார்கள். சர்வரம்மாவும் சிரித்து வைத்தாள். 'எல்லாம் சரியாக உள்ளது' என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் ஒரு காலை, ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு பழைய கட்டடத்துக்கு வந்தார். பென்சிலின் தனக்கு ஒத்துக்கொள்ளாது, ஒருமுறை பிழைத்ததே பெரிய பாடு என்று நாத்தனாரிடம் சொன்னார். பத்தே காலுக்கு அவள் அதைப் பதிந்தாள். சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை வெட்டியிருந்த நேரம் அது. ஐந்து நிமிடம் முன்னால்தான், அவர் முதலில் போய் விசாரித்த புதுக்கட்டட வரவேற்பறையில் அதே மனிதரின் தொலைபேசி எண்ணை மாற்றியிருந்தார்கள். அந்தச் சர்வரின் கணக்கில் அப்போது மணி பத்து பத்தொன்பது. கேபிளை ஒட்டியதும் இரண்டு சர்வர்களும் பேசிக்கொண்டன. பிந்தையதாகத் தெரிந்த பதிவு முழுதாக நின்றது. நாத்தனார் எழுதியது இரண்டு பக்கமும் அழிந்தது.

மூன்றாம் நாள் காய்ச்சலில் நினைவு தப்பிய நிலையில் அவரைப் புதுக்கட்டடத்தில் சேர்த்தார்கள். மனைவி வெளியே படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வாமை எதுவும் இல்லை என்றது திரை. பென்சிலின் ஊசி போட்ட இருபதாவது நிமிடம் அவர் இறந்துபோனார்.

"எழுதினேன் சார். என் கையால எழுதினேன்" என்றாள் நாத்தனார் விசாரணையில். திரையைத் திருப்பிக் காட்டினார்கள். அந்த இடம் காலியாக இருந்தது.

அன்று மதியமே சர்வரம்மா சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டாள். இரண்டு பக்கப் பதிவுகளும் மோதும்போது தோற்ற வரிகளைத் தனியே சேர்த்துவைக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே இருந்தது: நாத்தனாரின் அடையாள எண், பத்து பதினைந்து, பென்சிலின். அதை நிர்வாகியிடம் கொண்டுபோனாள்.

அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டது யாரும்மா?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"உன் நாத்தனார் வேலை போறது போறதுதான். ஒரே வீட்லேருந்து ரெண்டு பேரும் போகணுமா? உன்னை உள்ள வச்சாலும் வைப்பாங்க. யோசிச்சுக்கோ."

அவள் இருக்கைக்குத் திரும்பி அதிக நேரம் யோசிக்கவில்லை. அந்த வரியை அழித்தாள். பிறகு புது சர்வரை நிறுத்திக் கடிகாரத்தைச் சரிசெய்தாள். பத்து நிமிட வேலைதான்.

நாத்தனாரை வேலையை விட்டு அனுப்பினார்கள். வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். "ஒருவேளை நான் எழுதலையோ? நீதான் இதெல்லாம் தெரிஞ்சவ. எழுதினது எப்படிம்மா காணாமப் போகும்?"

"போகாது அண்ணி" என்றாள் சர்வரம்மா, குழம்பை ஊற்றியபடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறந்தவரின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டே தீருவேன் என்று நாத்தனார் கிளம்பினாள். தனியாக விடாதே என்று கணவன் சொன்னதால் சர்வரம்மாவும் கூடப் போனாள். அந்த அம்மாள் கத்தவில்லை. இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். நாத்தனார் அழுது முடித்ததும் அந்த அம்மாள் சொன்னாள்:

"அவரு உங்களப் பத்தித்தான் வந்து சொன்னாரு. அந்த நர்ஸம்மா பொறுமையா கேட்டாங்க, என் கண்ணு முன்னாலயே கம்ப்யூட்டர்ல அடிச்சாங்கன்னாரு."

நாத்தனார் சட்டென்று திரும்பினாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் உயிர் வந்திருந்தது. "கேட்டியாம்மா? அப்ப நான் எழுதியிருக்கேன்ல?"

சர்வரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிச்சிருப்பீங்க அண்ணி. சேவ் பண்ண மறந்திருப்பீங்க."

நாத்தனாரின் முகம் மறுபடி வாடியது. பிறகு, ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் எந்த மருத்துவமனையிலும் வேலை கேட்கவில்லை. மூன்றாவது கட்டடம் கட்டும்போது சர்வரம்மாவுக்குத் தனி அறை கொடுத்தார்கள். வீட்டில் அண்ணிக்கு அவள்மேல்தான் உயிர்.