மலரா, கல்வெட்டா?

அம்மா இறந்து இரண்டு கிழமையாகியிருந்தது. முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களிடம் கொடுக்க ஒரு புத்தகம் அடிப்பதற்காக வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். அச்சகத்தில் கணினிக்கு முன்னால் ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள். மாளிகாவத்தையிலிருந்து வந்துபோகிறவள், முப்பது வயதிருக்கும்.

“அம்மாவின்ரை நினைவா ஒரு புத்தகம் அடிக்க வேணும், தங்கச்சி.”

“மலரா சேர், கல்வெட்டா?”

செத்தவர் நினைவாக அடிக்கிற புத்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு பேரும் சொல்வார்கள்; இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். கனடாவிலிருக்கும் அண்ணன் மலர் என்றுதான் சொல்லியிருந்தார். நானும் மலர் என்றேன்.

“எத்தின பேர் எழுதித் தந்தீக்காங்க?”

“ஒருத்தரும் இல்லை. நான் மட்டும் ரெண்டு பக்கம் எழுதினனான். மிச்சம் தேவாரமும் வம்சாவளியும்.”

“அப்ப மலர்னு செல்ல ஏலா சேர். நாலு பேர் அவங்களப் பத்தி எழுதணும், போட்டோ நெறய வரணும். இது கல்வெட்டு.”

எங்கள் வீடுகளில் புழங்கும் சொல்லை அவள் திருத்திச் சொன்னபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் சொன்னது சரி. அட்டையில் கல்வெட்டு என்றே போடச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து பிழை பார்க்கப் போனேன். ஒரு தேவாரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

“இதுல ஒரு வரி கொறயுது சேர்.”

“இல்லையே, ஃபோனைப் பார்த்துத்தான் எழுதினனான்.”

“எண்ணிப் பாருங்க. மத்ததெல்லாம் நாலு வரி, இது மூணு. இந்தப் பாட்டு நான் கனபேருக்கு அடிச்சீக்கேன்.”

திரையைப் பார்க்காமல், விட்டுப்போன வரியை நிதானமாகச் சொன்னாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. சிறுவயதிலிருந்து அதைப் பாடிவந்த நான், அவள் சொல்லச் சொல்லப் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன். வேறொருவருடைய துக்கத்தை இவ்வளவு கவனமாக ஒருத்தி பார்த்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அவளுக்கென்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கியவள், நான் எழுதிய இரண்டு பக்கத்தையும் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினாள்.

“நீங்கள்தானே தங்கச்சி டைப் பண்ணினது?” என்றேன்.

“டைப் பண்ணக்குள்ள எழுத்து மட்டுந்தான் தெரியும் சேர். இப்பதான் உங்கட உம்மாவத் தெரியுது.”