வயிற்றுக் கட்டு

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் என்னை உட்காரவைத்த வாங்குக்கு (பெஞ்சுக்கு) நேரெதிரே பிரசவ வார்டின் கதவு. அது திறக்கும்போதெல்லாம் ஏதாவதொரு குழந்தையின் அழுகை நடைக்கு வந்துபோகும். இவர்களுக்கு வேறு வாங்கே கிடைக்கவில்லையா என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. எழுந்து நடந்தேன். மூச்சு வாங்கியது. திரும்பவும் அங்கேதான் வந்து உட்கார்ந்தேன்.

மூச்சுதான் முதல் அறிகுறி. நாலாம் மாதம் தொடங்கியதும் படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கர்ப்பம் என்றால் அப்படித்தான் என்றார்கள். நானும் நம்பினேன். சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) காய்ச்சலும் மூட்டு வலியுமாகக் கிடந்திருக்கிறேன். அந்தக் காய்ச்சல் இருதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது (வால்வு என்பது இரத்தத்தை ஒரு பக்கமாக மட்டும் போகவிடும் கதவு). அது அத்தனை வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என் முகத்துக்கு நேரேயே சொன்னார்.

"தங்கச்சி, மறைக்க ஏலாது. மாதம் ஏற ஏற உங்கட இருதயம் தாங்காது. ரெண்டு உயிரும் போகக்கூடும்."

"கொஞ்சம் யோசிக்கலாமா டொக்டர்?"

"யோசியுங்கோ. ஆனா கனநாள் எடுக்காதேங்கோ."

தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்குச் சட்டம் இடங்கொடுக்கும் நாடு இது. அந்த உயிர் என்னுடையதாக இருந்தது. எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். எனக்கு உயிரோடு இருக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக மனத்தில் இருக்கலாம், அதில் பொய் ஒன்றும் இல்லை.

கடைசியில் கலைக்கச் சம்மதித்தேன். அறுவை இல்லை, மாத்திரைகள்தான் (கருப்பையைச் சுருங்கவைத்துக் கருவை வெளியேற்றும் மருந்து). வலி பிரசவ வலிதான், யாரும் வேறு பெயர் சொல்லி ஏமாற்ற வேண்டாம். வெளியே வந்ததைத் தாதி துணியால் மூடி எடுத்துப் போனார். நான் பார்க்கக் கேட்கவில்லை. இரத்தம் கொஞ்ச நாள் போகும், படிப்படியாகக் குறையும், குறையாவிட்டால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கலஹாவில் நானும் கணவரும் இருந்த வாடகை வீட்டுக்கு அம்மா தோட்டத்திலிருந்து இறங்கி வந்தார். பையில் உள்ளிப்பூண்டு, பெருங்காயம், ஒரு பழைய நூல் சேலை.

"எந்திரி. வயித்தக் கட்டணும்."

"அது பெத்தவளுக்கும்மா. நான் என்னத்தப் பெத்தேன்?"

"பச்ச ஒடம்புடி. காத்து பூந்துக்கும். கைய தூக்கு."

சேலையை நீளமாகக் கிழித்து, அடிவயிற்றிலிருந்து மேலே சுற்றிச் சுற்றி இறுக்கினார். பிள்ளை பெற்ற எங்கள் பெண்கள் எல்லோருக்கும் கட்டும் கட்டு அது. மூன்றாம் நாள் எனக்குப் பால் சுரந்தது. அட கடவுளே, யாருக்காக என்று வாய்விட்டுக் கத்தினேன். அம்மா மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்லி, மார்பில் வைத்துக் கட்டினார். பால் வற்றியது. அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

இரத்தம் குறைந்தது, பிறகு கூடியது. கட்டியாகவும் போனது. "கெட்ட ரத்தம் போவட்டும், உள்ள தங்குனாத்தான் ஆபத்து" என்றார் அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டவர் என் கணவர் ராஜன்தான். நான்தான் அவர் வாயை அடைத்தேன். யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். டவுனுக்குப் போகும் வழியெல்லாம் சோதனைச் சாவடி. தமிழ் இளைஞர்களை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விடுவார்கள். இரத்தத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

வீட்டில் இருப்பும் கொள்ளவில்லை. கூரையைப் பார்த்துப் படுத்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. கண்டியில் நான் வேலைசெய்த புடவைக் கடைக்கு, அம்மா எவ்வளவு சொல்லியும் கேளாமல், தனியாகக் கிளம்பினேன். கட்டை அவிழ்க்க மட்டும் அம்மா விடவில்லை.

பேராதனைக்கு இறங்கும் வளைவில் இருந்த சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களுக்குத் தனி வரிசை. பச்சைச் சீருடைக்காரி என் இடுப்பைத் தடவிய கை சட்டென்று நின்றது.

"மேக்க மொகத்த?" என்றாள். இது என்ன?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழ்ப் பெண். சேலைக்குள்ளே வயிற்றைச் சுற்றித் தடித்த ஒரு கட்டு. குண்டைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று நாடே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அவள் கத்தினாள். வரிசை சிதறியது. இரண்டு துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

தகரத் தட்டிக்குப் பின்னால் தள்ளி, நீயே அவிழ் என்றாள். அவள் எட்டத்தில் நின்றாள். அவளுக்கும் பயம்தான். நான் அவிழ்த்தேன். சுற்றுச் சுற்றாக வந்தது. கடைசிச் சுற்றுகள் சிவப்பாக வந்தன.

அவள் துணியைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள். சிங்களப் பெண்களும் பிள்ளை பெற்றால் கட்டுகிறவர்கள்தானே.

"பபா கோ?"

பிள்ளை எங்கே என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு அவள் வெளியே யாரையோ ஏசியதும், ஒரு வேனை மறித்து என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதும் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது.

நச்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளே தங்கியிருந்தது (நச்சுக்கொடி என்பது பிள்ளைக்கு ஊட்டம் கொடுக்கும் உறுப்பு). மயக்க மருந்து கொடுத்து உறிஞ்சி எடுத்தார்கள். இரத்தம் ஏற்றினார்கள். அதே டொக்டர் வந்து நின்றார்.

"ஏன் உடன வரேல்லை?"

"கெட்ட ரத்தம் போவட்டும்னு..."

"கெட்ட ரத்தம் எண்டு ஒண்டும் இல்லை. போனது எல்லாம் உங்கட ரத்தம்தான்."

இதைப் படிக்கிற உனக்கும் அதையேதான் சொல்கிறேன், தங்கச்சி. குறைந்த இரத்தம் மறுபடி கூடினால், துணி மாற்ற மாற்ற நனைந்தால், காய்ச்சலோ கெட்ட வாடையோ வந்தால், யார் என்ன சொன்னாலும் கிளம்பு.

அதன்பிறகு தேறினேன் என்று ஒரு வரியில் முடிக்க ஆசைதான். உடம்பு விடவில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் தலைச்சுற்றலுமாக மாதங்கள் போயின. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிள்ளை பிறந்திருக்க வேண்டிய மாதத்தில் மார்பு தானாகக் கனத்தது. பிறகு வால்வைப் பலூன் வைத்து விரித்தார்கள், மூச்சு திரும்பியது. மறுபடி கருத்தரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. ராஜன் கேட்கவும் இல்லை.

யுத்தம் முடிந்தது. அந்த வளைவில் இப்போது சாவடி இல்லை. பஸ் நிற்காமல் திரும்புகிறது. ஆனாலும் அங்கே வரும்போது என் வயிறு தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். என் உடம்புக்கு அது முடிந்துபோன காலம் அல்ல.

உயிர் தப்பினாயே, அதுவே பெரிது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அம்மா, ராஜன், தாதிகள், அக்கம்பக்கம் எல்லோரும். என் பிள்ளை எங்கே என்று கேட்டவள் அந்தச் சீருடைக்காரி ஒருத்திதான்.