அப்பாவின் நோய்க்குப் பெயர் உண்டு

அப்பாவின் நோயின் பெயரை இந்த நினைவு மலரில் எழுதுவதா, விடுவதா என்று எங்கள் குடும்பத்தில் இரண்டு கிழமையாக வாக்குவாதம் நடந்தது. “நீண்டகாலமாகச் சுகவீனமுற்றிருந்து” என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார்கள் சிலர். நானும் அப்படி எழுதிப் பார்த்தேன். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்தேன். அப்பாவுக்கு வந்தது புரொஸ்டேட் புற்றுநோய். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய சுரப்பியில் வருவது. அதை எழுதாமல் அவருடைய கடைசி எட்டு ஆண்டுகளை எனக்கு எழுதத் தெரியவில்லை.

அப்பா ஈச்சிலம்பற்றில் ஒரு கமக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். பதினேழு வயதில் தாயையும் தகப்பனையும் ஒரே ஆண்டில் இழந்தார். பதினொரு வயதுத் தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, கையில் பிடித்துக்கொண்டு திருகோணமலைப் பட்டினத்துக்கு வந்து, துறைமுக வேலைத்தளத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். சித்தப்பாவைப் படிப்பித்து ஆசிரியராக்கினார். அவர் பின்னர் அதிபராகி ஓய்வு பெற்றார். அப்பாவோ படிப்படியாக உயர்ந்து, உள்ளே வரும் கப்பல்களுக்கு வழிகாட்டிகளை ஏற்றிச் செல்லும் சிறிய லோஞ்சுப் படகில் இயந்திர இயக்குநரானார். இடையில் எத்தனை இடப்பெயர்வு, எத்தனை முகாம் என்பதை எங்கள் உறவினருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவருக்கு ஓரிடத்தில் இருக்க வராது. கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் கதிரையை விட்டு எழும்பி வெளியே போவார். கோயில் திருவிழாவில் பாதியில் காணாமற் போவார். அயலில் யாருடைய தண்ணீர் மோட்டராவது நின்றுவிட்டால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் போவார். “உன்ரை கொப்பருக்குக் காலிலை சில்லு” என்று அம்மா சொல்லுவார்; சக்கரம் பூட்டியிருக்கிறதாம். நாங்கள் சிரிப்போம்.

அந்தச் சிரிப்புத்தான் இப்போது என்னை இருக்க விடுகிறதில்லை. ஏனென்றால் ஐம்பத்தொன்பது வயதுக்குப் பிறகு அவர் எழும்பிப் போனதெல்லாம் பழைய குணத்தால் அல்ல. சிறுநீரை அடக்க முடியாமல் போயிருக்கிறார். போனாலும் இலகுவில் வராமல் நின்றிருக்கிறார். எங்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்பாவோடு அதே லோஞ்சில் சுக்கான் பிடித்தவர் மூதூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா. முப்பது ஆண்டுச் சிநேகிதம். அவர் செத்த வீட்டுக்கு வந்து, பந்தலின் ஓரத்தில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“நான் கண்டனான் மகள். ஒரு ஓட்டத்துக்குள்ள மூண்டு நாலு தரம் பின்பக்கம் போவார். லோஞ்சில கக்கூசும் இல்ல. தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டார். ஒரு ஆம்பிளைக்கிட்ட இதை எப்பிடிக் கேக்கிற எண்டு இருந்திட்டன்.”

நானாவுக்கு அது தெரியும். இரவில் நாலைந்து தரம் எழும்புவது அம்மாவுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பின் முதுகும் இடுப்பும் நோகிறது என்று சொன்னது எனக்குத் தெரியும். நான் எண்ணெய் வாங்கிப் பூசிவிட்டேன். மூன்று பேரும் ஒருநாளாவது ஒன்றாக இருந்து கதைத்திருந்தால்? மாவட்டச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக வேலை செய்யும் நான், ஊராருடைய கோவைகளை எல்லாம் தாள் தாளாகச் சேர்த்துக் கட்டுகிறவள். வீட்டில் ஒன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அப்பாவின் அறுபத்து மூன்றாம் வயதில் ஒரு காலைப்பொழுது, சிறுநீர் ஒரு சொட்டும் வராமல் அடைத்துக்கொண்டது. வயிறு கல்லுப் போலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்த பிறகு, ஓர் இளம் வைத்தியர் வந்து கேட்டார்.

“எப்ப தொடக்கம் ஐயா இந்தக் கஷ்டம்?”

“கொஞ்ச நாளாத்தான்.”

வாசலில் நின்ற அம்மா சேலைத் தலைப்பைக் கசக்கியபடி சொன்னார்: “நாலு வருஷம் டொக்டர்.”

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை. திருமணமாகி அத்தனை ஆண்டுகளில் பிறர் முன்னிலையில் அப்பாவை மறுத்து அம்மா பேசியதை நான் அன்றுதான் கேட்டேன்.

பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை செய்தார்கள். வைத்தியர் விரலால் பரிசோதித்தார். பிறகு ஊசியால் சதைத் துண்டுகள் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அப்பா வளவுக்குள் நடந்தார். கிணற்றடியிலிருந்து படலைவரை, படலையிலிருந்து கிணற்றடிவரை. அம்மா தேத்தண்ணியோடு பின்னால் நடந்தார். முடிவு வந்தது. புற்றுநோய். எலும்புப் படத்தில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் பரவியிருந்தது. நான் எண்ணெய் பூசிய அதே இடம்.

மட்டக்களப்பில் புற்றுநோய் வைத்தியர் ஒளிவுமறைவில்லாமல் விளங்கப்படுத்தினார். முற்றாகக் குணமாக்கும் கட்டம் கடந்துவிட்டது. ஆனால் கட்டுப்படுத்தி வைக்கலாம், சில ஆண்டுகள் நன்றாகவும் வாழலாம் என்றார். இந்தப் புற்று ஆண் ஓமோனை உண்டு வளர்வது. அதை நிறுத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடலாம், அல்லது விதைகளை அகற்றலாம். இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “மகளைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லுவமா?” என்று கேட்டார்.

“அவள் இருக்கட்டும்,” என்றார் அப்பா. “நாலு வருஷம் ஒருத்தரையும் உள்ளுக்கு விடாமத்தானே இந்த நிலைக்கு வந்தனான்.”

அவர் சத்திரசிகிச்சையைத் தெரிவு செய்தார். ஊசிக்கு நாள் பார்த்துப் பார்த்து அலைய ஏலாது என்றார். வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்தோம். “அம்மாவிட்டை நான் சொல்லுறன். நீ சொல்லாதை,” என்றார். அவர்கள் இருவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் அம்மா குசினியில் அவருக்குப் பிடித்த சுறாப்புட்டு அவித்துக்கொண்டு நின்றார், கண் சிவந்திருந்தது.

அதன் பிறகு அப்பா நாலு ஆண்டுகள் வாழ்ந்தார். அவை சுலபமான ஆண்டுகள் அல்ல. இருந்தாற்போல் உடம்பு நெருப்பாகி வியர்த்துக் கொட்டும். ஒருநாளைக்கு மூன்று சேட்டு மாற்றுவார். தொலைக்காட்சிச் செய்தி பார்த்து அழுவார். அழுததற்காகத் தன்னையே ஏசுவார். களைப்பு அவரைப் படுக்க வைக்கும். படுக்க மாட்டேன் என்று எழும்பி நடப்பார். முதுகு வலி கூடியபோது கதிரியக்கச் சிகிச்சை கொடுத்தார்கள், வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் ஒன்று மாறியது: வெட்கத்தை விட்டுவிட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்ற முதலே, “கக்கூஸ் எந்தப் பக்கம்?” என்று கேட்பார்.

அதோடு நிற்கவில்லை. துறைமுக வாசலுக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் போய் இருந்துகொண்டு, ஐம்பது தாண்டிய ஆண்களைப் பிடித்து, “இரவிலை எத்தினை தரம் எழும்புறியள்?” என்று கேட்கத் தொடங்கினார். சிலர் சிரித்தார்கள். சிலர் அவரைக் கண்டு வேறு கடைக்குப் போனார்கள். “உங்கட அப்பாவுக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ?” என்று என்னிடமே ஒருவர் கேட்டார். எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நானாவை அவரே கையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சோதிப்பித்தார். நானாவுக்கு இருந்தது வெறும் வீக்கம், புற்றுநோய் அல்ல, குளிசையோடு சரியாயிற்று. “எல்லாருக்கும் இந்த வருத்தமில்லை. ஆனா சோதிக்காமல் எப்பிடித் தெரியும்?” என்று அப்பா கடையில் அதையும் சொல்லித் திரிந்தார். ஆரம்பத்தில் இந்த நோய் ஒரு குறியும் காட்டாமல் இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னதையும் சேர்த்துச் சொல்வார்.

தகப்பனுக்கோ சகோதரனுக்கோ வந்தால் மற்ற ஆண்களுக்கும் வரும் வாய்ப்புக் கூட என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். கட்டாரில் இருக்கும் என் தம்பி அங்கேயே சோதித்து முடிவைப் படம் பிடித்து அனுப்பினான், பயமில்லை. சித்தப்பா மட்டும் அசையவில்லை.

“எனக்கு ஒண்டுமில்லை அண்ணை. என்ரை உடம்பு எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும் எண்டுதான் இருந்தனான்,” என்பார் அப்பா.

நாலாம் ஆண்டில் மருந்து கேட்காமல் போனது. கால்கள் தளர்ந்தன. மோர்பின் பாணி கொடுத்தால்தான் நித்திரை. கட்டிலில் கிடந்தபடி கால் விரல்களை ஆட்டிக்கொண்டே இருப்பார். இறப்பதற்கு ஆறு நாள் முன்பு சித்தப்பாவின் கையைப் பிடித்து, “தம்பி, எனக்காக ஒருக்கா சோதிக்க இரத்தம் குடு,” என்று கேட்டார். சித்தப்பா அழுதார். “பாப்பம் அண்ணை,” என்றார். அப்பா கையை விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவர் கோபித்து நான் கண்டது அதுவே கடைசி. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்பொழுது, அம்மா நெற்றியில் திருநீறு பூச, அறுபத்தேழாவது வயதில் அடங்கினார்.

பதினொரு மாதம் போனது. சித்தப்பா சோதிக்கவில்லை. இந்த மலருக்கு நான் எழுதியதை வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீ ஒரு பொம்பிளைப் பிள்ளை. அந்த இடத்து வருத்தத்தை அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கப் போறியோ? அண்ணேன்ரை மானம் என்னாகிறது?”

“நீங்கள் மறைக்கிறது அப்பான்ரை மானத்தையோ சித்தப்பா, உங்கடை பயத்தையோ?”

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எங்களுக்கு எழுத்தறிவித்தவர் அவர். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழமை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. தொலைபேசியை எடுப்பேன், வைப்பேன். மன்னிப்புக் கேட்பதா, மறுபடி சண்டை பிடிப்பதா என்று தெரியாமல் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கினேன்.

ஒன்பதாம் நாள் சித்தப்பா வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். பி.எஸ்.ஏ. கூடியிருந்தது. அதன் பின் ஸ்கேன், சதைப் பரிசோதனை என்று ஓடிய நாட்களால்தான் இந்த மலர் அச்சுக்குப் போகப் பிந்தியது. பொறுத்தருளுங்கள். சித்தப்பாவுக்கும் அதே நோய்தான். ஆனால் சுரப்பிக்குள் மட்டுமே இருக்கிறது, எங்கும் பரவவில்லை. அகற்றினால் குணமாகும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

அப்பாவைக் குழாய் போட்டுக் காப்பாற்றிய இளம் வைத்தியருக்கும், பெயர் கேட்க மறந்த தாதியருக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் ஓட்டோவோடு வந்த அயல்வீட்டுத் தம்பிக்கும், வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்து நேரே அப்பாவின் கட்டிலுக்கு வந்த நானாவுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த ஈச்சிலம்பற்று உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

சித்தப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை சரியாக வரவில்லை. திருத்திய இந்தக் கட்டுரையை அவரிடமே வாசிக்கக் கொடுத்தேன். பழைய அதிபர் அல்லவா, சிவப்புப் பேனையால் இரண்டு சந்திப்பிழை திருத்தினார். பிறகு சொன்னார்:

“என்னைப் பற்றின பகுதி இருக்கட்டும். பேர் போடாதை. சித்தப்பா எண்டு போடு. எல்லாருக்கும் விளங்கும்.”

வருகிற புதன்கிழமை அவருக்குச் சத்திரசிகிச்சை. எனக்கு இன்னும் நித்திரை வருகிறதில்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக உடுப்புப் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்.