வெல்லம் பிரித்த யுகாதி

பிள்ளைகளே, இன்று காலை யுகாதிக்குக் கொடுத்த வேப்பம்பூவைத் துப்பிவிட்டு, வெல்லத்தை மட்டும் தின்றீர்கள். நான் திட்டவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

உங்கள் வயதில் நான் ஓசூரில், ஜூஜுவாடிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தேன். என் அப்பாவுக்குக் கம்பெனி வேலை. வீட்டுக்கார அக்கா கன்னடக்காரர். நமக்குச் சித்திரை பிறக்கும் முன்பே அவர்களுக்கு யுகாதி வந்துவிடும். பிரம்மா உலகத்தைப் படைக்கத் தொடங்கிய நாள், யுகத்துக்கே ஆதி என்பார் அக்கா. வேப்பம்பூவையும் வெல்லத்தையும் கலந்து குடியிருந்த பிள்ளைகள் எல்லோர் வாயிலும் போடுவார். பிரித்துத் தின்றால் மட்டும் கோபம் வரும். வருஷம் கசப்பும் இனிப்புமாகத்தான் வரும், ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது என்பார். வாசலில் மாவிலை கட்டுவது அவர் கணவர். ஸ்டூல் பிடிப்பது நான்.

ஒரு மழைக்காலத்தில் அக்காவின் கணவர் இறந்துபோனார். அடுத்து வந்த யுகாதியன்று அக்கா வீட்டு வாசல் வெறுமையாக இருந்தது. கட்ட ஆளில்லை போல என்று நினைத்து மாவிலை பறித்து வந்தேன். முதல் ஷிப்டுக்கு ஓடிய பக்கத்து வீட்டு மாமா, "உங்க வருசம் பொறக்க இன்னும் நாளிருக்குடா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சிரித்துக்கொண்டே போனார். ஸ்டூலைப் பிடிக்க ஆளில்லாமல், நிலையைப் பற்றிக்கொண்டு கட்டி முடித்தேன்.

அம்மா பார்த்ததும் பதறிப்போனாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் கதவு திறந்தது.

"தெரியாமப் பண்ணிட்டான்க்கா. இப்பவே அவுத்துடறேன்," என்றாள் அம்மா. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அக்கா மாவிலையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"பேடம்மா, அவுக்க வேண்டாம், இருக்கட்டும். அவரும் இப்படித்தான் கோணலாக் கட்டுவாரு."

அவர் வீட்டில் எதுவும் செய்யக் கூடாது என்பதால், அம்மாவே வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து எடுத்துப் போனாள். அக்கா வெல்லத்தைத் தனியாகப் பிரித்து என் வாயில் போட்டார். பூவை மட்டும் தன் வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினார்.

பிரிக்கக் கூடாது என்றவரே பிரிக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அவருக்குக் கசப்புதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் உள்ளே போன பிறகு வேப்பமரத்தடிக்குப் போனேன். உதிர்ந்து கிடந்த பூவைக் கொஞ்சம் பொறுக்கி, வெல்லமில்லாமல் மென்று பார்த்தேன். விழுங்க முடியவில்லை. துப்பிவிட்டேன்.