எட்டு லிங்கமும் ஒரு பெட்ரோல் டேங்க்கும்

ஒன்றரை வருஷம் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு, வேங்கிக்கால் அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கி வீடு திரும்பினேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. பையைக்கூட இறக்காமல் நேராக என் மோட்டார் சைக்கிளைத்தான் போய்ப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே வாங்கிய பழைய வண்டி. என் கணவருக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது. துடைக்க மட்டும் நன்றாகத் தெரியும். பளபளவென்று வைத்திருந்தார்.

"பெட்ரோல் இருந்தா வெயிலுக்குப் பத்திக்கும்னு, நீ போன அன்னிக்கே ஒரு சொட்டு விடாம எடுத்துட்டேன்" என்றார், மாலை மரியாதையை எதிர்பார்ப்பவர் போல.

டேங்க் மூடியைத் திறந்தேன். உள்ளே செக்கச்செவேலென்று துரு. நிரப்பி வைத்திருந்தால் காற்றுக்கே இடம் இருந்திருக்காது. காலியாக விட்டதில் இரண்டு மழைக்காலத்து ஈரமும் உள்ளே குடியேறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "பத்திக்குமாம், பத்திக்கும்! இப்ப என் வயிறுதான் பத்தி எரியுது" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினேன். மனுஷன் துணியை எடுத்து டேங்க் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடி அண்ணாமலையில் இருக்கும் மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தார். "வினிகர் ஊத்தி ஒரு நாள் ஊற வைங்க. நட்டுங்களப் போட்டு நாலஞ்சு மணி நேரம் விடாம குலுக்குங்க, துரு உதிர்ந்துடும். ஆனா அடியில ஓட்டை போட்டிருந்தா அவ்ளோதாங்க. இந்த மாடலுக்கு டேங்க் கெடைக்காது, வண்டிய பழைய இரும்புக்குத்தான் போடணும்." திங்கட்கிழமை அந்த வண்டியில்தான் வந்து சேருவேன் என்று வேங்கிக்கால் அலுவலகத்தில் எல்லாருக்கும் போன் போட்டுப் பீற்றி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை டேங்க்கைக் கழற்றி வினிகர் ஊற்றி ஊற வைத்தோம். நாலஞ்சு மணி நேரம் யார் குலுக்குவது? ஞாயிறு விடிந்ததும் முப்பது நட்டை உள்ளே போட்டு மூடி, கணவர் டேங்க்கைப் பழைய மஞ்சள் வேட்டியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டார். "நான் எப்படியும் நாலஞ்சு மணி நேரம் மலை சுத்தத்தான போறேன். இதுவும் கூட வரட்டும்."

எனக்கு மானமே போனது. ஆனாலும் டேங்க் என்னுடையதாயிற்றே, கூடவே நடந்தேன். அவர் வெறுங்காலோடு முன்னால் போக, முதுகில் முப்பது நட்டும் கடகடவென்று ஆடின. மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கத்தின் முன்னும் கும்பிட்டுவிட்டு டேங்க்கைப் புரட்டிக் கட்டினோம். ஒரு இடத்தில் தலைகீழ், அடுத்ததில் இடப்பக்கம், அதற்கடுத்ததில் வலப்பக்கம். எல்லா மூலைக்கும் வினிகர் போயாக வேண்டும். பாதை நெடுக ஊறுகாய் வாசனை.

வழியில் வெளியூர் அம்மா ஒருவர் அந்த மஞ்சள் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்னப்பா வேண்டுதல்?"

பொய் சொல்லத் தெரியாத இவர், "துரு போகணும்மா" என்றார்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "போயிடும். அவன் பாத்துப்பான்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் முடியாமல், சாலையோரம் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து பிடித்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வீட்டில் கவிழ்த்தபோது சேறு மாதிரி துரு கொட்டியது. முப்பது நட்டையும் எண்ணி எடுத்தோம். ஆப்ப சோடா கரைத்து அலசி, வெயிலில் சுடச்சுடக் காயவைத்து, மறுபடி துரு பிடிப்பதற்குள் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி உருட்டினோம். உள்ளே புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. வண்டியில் பொருத்திக் கழுத்து வரை பெட்ரோல் நிரப்பி, அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுக்கப் போனோம். ஒழுகினால் விடிந்ததும் தெரிந்துவிடும்.

காலையில் நான் எழுந்து வருவதற்குள், அவர் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைத் தடவினார், முகர்ந்தார். "ஒரு சொட்டு இல்ல" என்று தாளை எடுத்து வந்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். என்னைவிட அவர்தான் பயந்திருக்கிறார். பாவமாகவும் இருந்தது, கொஞ்ச வேண்டும் போலவும் இருந்தது.

ஐந்தாவது உதையில் வண்டி கிளம்பியது. நான் கேட்பதற்கு முன்பே பின்னால் ஏறிக்கொண்டார். வேங்கிக்கால் வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் தோளைத் தட்டி "மெதுவா, மெதுவா" என்றார். "பேசாம உக்காருங்க" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சந்தோஷத்தில் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தேன்.

அலுவலக வாசலில் இறங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவருடைய தையல் கடை ஊருக்குள் தேரடி பக்கம். வேங்கிக்காலில் இவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

"நீங்க எதுக்குங்க இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"வழியில நின்னுட்டா தள்ள ஆள் வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு, முந்தின நாள் நடந்து கொப்புளம் கட்டிய காலோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்துப் போனார்.